தாய்ப்பலகையும் நினைவகமும்

நற்குணமுடைய இருவர் ஓரில்லத்தில் இணங்கி வாழ இயலாமை உலகிற் காணப்படுவதே. அவருள் தீயர் யாவர் என வினவுவோர் பலர். இருவரும் நல்லரே, இணக்கமொன்றே குறை எனத் தெளிவோர் சிலர். பொறிகளிடத்தும் இவ்வுண்மை உளதென்பதைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு கணிப்பொறியை உறுப்புறுப்பாகப் பூட்டியபோது யாம் கண்டோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வேலை எற்றுக்கென நண்பர் வினவக்கூடுமாதலின், அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறுவாம்.

எம்மூர், திருப்பாலைவனத்தை அடுத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் குப்பங்களுள் ஒன்று. இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இங்கு வழங்கும் வலைப்பெயர், மீன்பெயர் முதலியவற்றுள் அகராதியேறாச் சொற்கள் பலவுள. வாடை, கொண்டல், கச்சான் என்னுங் காற்றுகளைப் பற்றி முதியோர் கூறுவனவற்றை ஈராண்டாக யாம் ஒலிப்பதிவு செய்து வருகின்றோம். அவருள் ஒருவர் சென்ற தைத் திங்களிற் காலமாயினார். அவர் குரல் இனி அப்பதிவில் மட்டுமே உளது. இப்பேச்சுகளை எழுத்தாக்கும் செய்நிரலுக்குப் பெரிய நினைவகம் வேண்டும். எம் குப்பத்தில் இணையத் தொடர்போ விட்டுவிட்டே கிடைக்கும். ஆதலின் எம் தந்தையார் இறால் விற்றுச் சேர்த்த பணத்தைக் கொடுக்க, சென்னை ரிச்சி தெருவில் வெவ்வேறு கடைகளில் உறுப்புகளை வாங்கி வந்தோம்.

கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் தாங்கி இணைப்பது தாய்ப்பலகை. செயலி தன் வேலைக்கு வேண்டியனவற்றை அவ்வப்போது வைத்தெடுக்கும் இடம் நினைவகம். கடைத்தெருவில் இதனை ரேம் என்பர். டி.டி.ஆர். 4 என்னும் நான்காந் தலைமுறைக்குரிய நியமம் 2012-இலும், டி.டி.ஆர். 5 என்னும் ஐந்தாந் தலைமுறைக்குரியது 2020-இலும் வெளியாயின. இரண்டிற்கும் தொடுமுனைகள் 288 ஆயினும், விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறி அமைந்திருத்தலின் ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்று புகாது. முன்னது 1.2 வோல்ட்டிலும் பின்னது 1.1 வோல்ட்டிலும் இயங்குவன. யாம் வாங்கிய தாய்ப்பலகையும் 24 ஜி.பி. நினைவகமும் ஐந்தாந் தலைமுறையினவே, இடரின்றிப் பொருந்தின.

பொருந்தியும் பயனில்லை. விசிறிகள் சுழன்றன, திரை இருண்டே கிடந்தது. நினைவகக் குறையைக் காட்டும் சிறுவிளக்குப் பலகையில் எரிந்தது. இத்தலைமுறைப் பொறிகள் முதன்முறை நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் இருண்டிருத்தல் இயல்பாதலின், அரைமணி நேரம் காத்திருந்தோம். மாற்றமில்லை. தாய்ப்பலகை விற்றவரைத் தொலைபேசியில் வினவ, நினைவகமே பழுதென்றார். நினைவகம் விற்றவரோ பலகையே பழுதென்றார். உறை பிரித்த பொருளை மீளப் பெறுவதில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்தனர்.

அனைத்தையும் ஒருங்கே கழற்றி மாற்ற எண்ணிய எம்மைத் தந்தையார் தடுத்து, "வலையையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால், மீன் எதனால் வந்தது என்று எப்படித் தெரியும், தம்பி?" என்றார். கணிப்பொறியை அறியாத அவர் கூற்றே எமக்கு நெறியாயிற்று.

முதலில் மின்னிணைப்பை அறவே நீக்கி, உடலிற் சேர்ந்த மின்னூட்டம் அகல வெற்று உலோகத்தைத் தொட்டு, உப்புக்காற்றுப் படிந்திருக்குமோவென்று தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மீளப் பொருத்தினோம். அடுத்து, பள்ளத்தின் முறையை நோக்கினோம். எம் ஏரியில் பாடு என்றொரு வழக்குண்டு. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் மீன்பிடித்தற்குரியர் என்பது அதனால் வரையறுக்கப்படும். தாய்ப்பலகைக்கும் அத்தகைய வரையறையுண்டு. நினைவகம் ஒன்றேயாயின் செயலியிலிருந்து இரண்டாம் பள்ளத்தில் அமைக்க என எம் பலகையின் கையேடு கூறிற்று. அங்ஙனமே அமைந்திருந்தது. பின்னர், நாணயம் போன்ற சிறு மின்கலத்தைச் சற்று நேரம் நீக்கிப் பழைய அமைப்புகளை அழித்தோம். இவற்றுள் ஒன்றாலும் திரை ஒளிரவில்லை.

மறுநாள் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிப் பொன்னேரியிலுள்ள நண்பர் இல்லம் சென்றோம். அவர் கணிப்பொறியில் எம் நினைவகம் செவ்வனே இயங்கிற்று. அவருடைய 16 ஜி.பி. நினைவகம் எம் பலகையில் செவ்வனே இயங்கிற்று. இரண்டும் நல்லனவே எனத் தெளிந்தோம்.

அங்ஙனமாயின் குறை யாது? ஒவ்வொரு நினைவகத்திலும் அதன் அளவையும் விரைவையும் குறித்த சிறு சில்லொன்று உண்டு. பொறி விழித்தெழும்போது பயாஸ் என்னும் அடிப்படைச் செய்நிரல் அக்குறிப்பைப் படிக்கும். 24 ஜி.பி. அளவினவாகிய இந்நினைவகங்கள் பொதுச் சந்தைக்கு வந்தது 2023-இலேதான். எம் பலகையின் பயாஸ் அதற்கு முற்பட்டது. பழைய அகராதியிற் புதுச்சொல் இல்லாமை போன்றதே இது. நண்பர் நினைவகத்தைப் பொருத்தியபடியே, பலகையை ஆக்கியோர் தளத்திலிருந்து புதிய பயாஸைப் பெற்றுப் பதித்தோம். இடையில் மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப் போகக்கூடுமாதலின், அவ்வில்லத்து யு.பி.எஸ். துணையாயிற்று. பின்னர் எம் நினைவகத்தைப் பொருத்த, சில நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது.

யாம் அதனோடு அமையவில்லை. நினைவகத்தின் மேல் 6000 என்னும் விரைவு பொறிக்கப்பட்டிருந்தது. எம் செயலியை ஆக்கியோர் உறுதி கூறுவதோ 5200. 6000-இல் இயக்கி, மெம்டெஸ்ட் என்னும் செய்நிரலால் சோதித்தபோது பிழைகள் தோன்றின. 5200-இல் அமைத்து இரவு முழுதும் சோதிக்கப் பிழை ஒன்றுமில்லை. இச்சோதனை மிகையன்று. திரை இருண்டால் குறை எவர்க்கும் புலப்படும். நினைவகம் ஓர் எண்ணை மாற்றி வைத்தாலோ, கோப்பு ஓசையின்றிக் கெடும். மறைந்த முதியவர் குரல் அங்ஙனங் கெடின், மீளப் பதிய அவர் இலர். ஆதலின் சோதனை முடிந்த பின்னரே பதிவுகளை இப்பொறிக்கு மாற்றினோம்.

புணர்ச்சி இலக்கணம் பயில்வார்க்கு இது புதிதன்று. மரம், வேர் என்பன தனித்தனியே குற்றமற்ற சொற்கள். புணருங்கால் மகரங் கெட்டு மரவேர் என்றாகும். அதுபற்றி எச்சொல்லையும் பிழையென்பாரில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் எனச் சேர்க்கைக்கு வேண்டும் மாற்றத்தையே நன்னூலார் வகுத்தார். எம் பொறியிலும் பயாஸ் சிறிது திரிந்தது, விரைவு சிறிது கெட்டது, புணர்ச்சி நிரம்பிற்று.

பொறி பூட்டப் புகும் மாணவ நண்பர்காள், வாங்குமுன் பலகையை ஆக்கியோர் வெளியிட்ட நினைவகப் பட்டியலைக் காண்மின். இணங்காதாயின் ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொண்மின். ஒளிர்ந்த பின்னும் ஓரிரவு சோதிமின். கடலோர ஊர்களிற் பிறந்த பழைய மாணவர்காள், நும்மூர் முதியோர் பேச்சை இப்பொழுதே பதிந்து, ஒன்றுக்கு இரண்டிடத்திற் காத்துவைம்மின். பொறியைப் பிறிதொரு நாளும் பழுதுபார்க்கலாம்.