கட்டக்கோரைக்கு ஒரு கடன்காரி எழுதுவது

கட்டக்கோரையே, பழுப்புக் கடற்பாசியே, உன்னை முதன்முதலில் தொட்டபோது அடியோடு பிடுங்கினேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீர். மாதிரி சேகரிக்க வந்த தாவரவியல் மாணவி நான். கல்லைக் கவ்வியிருந்த உன் பற்றுறுப்பு முழுசாகக் கையோடு வந்ததில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, கீரைய வேரோடயா பிடுங்குவ? மேலாப்புல கிள்ளு. அடி கெடந்தாத்தான மறுபடி தழையும்.” உனக்கு வேரே கிடையாது, தேர்வில் எழுதியிருந்தால் அக்காவுக்கு அரை மதிப்பெண் குறைத்திருப்பார்கள். ஆனால் பல மாதம் கழித்து நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டியபோது அதே செய்திதான் அங்கும் இருந்தது. பற்றுறுப்பை விட்டுவைத்து அறுத்தால் நீ துளிர்ப்பாய். பெயர்த்தெடுத்தால் கல் வெறுங்கல்லாகிவிடும்.

கட்டக்கோரையே, உன் பெயருக்காகவும் ஒரு நன்றி. ஆங்கிலக்காரர்கள் உன் குலம் மொத்தத்தையும் கடலின் களை என்றே அழைக்கிறார்கள். எங்கள் கரையில் அந்த இளக்காரம் இல்லை. நீ கோரை. ஓரமெல்லாம் முள்ளாய், சட்டியிலிருந்து எடுத்தது போல இருக்கும் உன் உறவுக்காரி பக்கோடாப் பாசி. சிவப்புக் குடும்பத்தில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. சர்காசம், டர்பினேரியா என்று நாங்கள் அட்டையில் எழுதுவதற்கு முன்பே எங்கள் கரை மக்கள் உங்களைப் பிரித்து அறிந்திருந்தார்கள். 1927இல் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றிப் பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. அய்யங்கார் எழுதியதை நான் மரியாதையோடு படித்தவள்தான். ஆனாலும் உன்னை எனக்கு அடையாளம் காட்டியது அந்த அக்காவின் விரல்.

கட்டக்கோரையே, ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் உன்மேல் வெந்நீரை ஊற்றினேன். கண்ணெதிரே நீ பச்சையானாய். அன்றுதான் பாடம் மனசில் இறங்கியது. உனக்குள்ளும் பச்சையம் இருக்கிறது. ஃபியூக்கோசாந்தின் என்ற நிறமி அதன்மேல் பழுப்புப் போர்வை போர்த்தி, கடல்நீர் கீழே விடும் நீலப்பச்சை ஒளியைப் பிடித்துத் தருகிறது. சூடு பட்டால் போர்வை விலகிவிடும். இதைவிட வியப்பு, நீ செடியே இல்லை என்பது. செம்பருத்தியைவிட, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியான டயாட்டம்தான் உனக்கு நெருங்கிய சொந்தம். என்றோ உன் முன்னோர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டதன் பலன்தான் நீ வெயிலில் சமைக்கும் சமையல். தாவரவியல் துறையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கட்டக்கோரையே, உன் காற்றுக் குமிழ்கள் உன்னை நிமிர்த்திப் பிடிக்க, நீ ஒரு தோப்பு மாதிரி அலையில் ஆடுவாய். உள்ளே எட்டிப் பார்த்தால் மீன்குஞ்சு, இறால்பொடி, நத்தை, உன் தண்டிலேயே ஒட்டி வளரும் குட்டிப் பாசிகள். எண்ண வந்தவள் எண்ணிக்கையை மறந்து நின்ற நாள்கள் உண்டு.

கட்டக்கோரையே, என் அப்பாவின் கால் புண்ணுக்கும் நீ கடன் கொடுத்தாய். சர்க்கரை நோய், ஆறாத புண். பழைய பஞ்சுக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பார். பிறகு செவிலியர் ஒருவர் வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு கட்டை வைத்தார். உறையில் கால்சியம் ஆல்ஜினேட் என்று இருந்தது. பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் இருக்கும் அதே பொருள். 1880களில் ஸ்காட்லாந்துப் பாசிகளிலிருந்து ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தது. புண்ணில் கசியும் நீரிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்க, கட்டு கூழாகிறது. தசையைப் பிய்க்காமல் நழுவி வருகிறது. அது உன்னிலிருந்து வந்ததா, குளிர்கடலின் கெல்ப் என்ற பெரும்பாசியிலிருந்து வந்ததா, தெரியாது. அப்பா பல்லைக் கடிக்காத முதல் நாளில் நான் உனக்குத்தான் நன்றி சொன்னேன். பல் கட்ட அச்செடுக்கும் பசையிலும், பருத்தித் துணியில் சாயம் அச்சிடும் கூழிலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொன்னபோது, “கடல்ல கெடக்குறதுக்கு இம்புட்டு வேலையா?” என்றார்.

கட்டக்கோரையே, உன்னால் அடுப்பெரிந்த வீடுகளையும் எனக்குக் காட்டினாய். காலில் அலுமினியத் தட்டு, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கும் பெண்கள். மரிக்கொழுந்து அளவுக்கு உனக்கு விலை கிடையாது. பை நிறைவதென்னவோ உன்னால்தான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபின், பழகிய இடங்களே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. கடலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காப்பது யாரிடமிருந்து என்ற இடத்தில்தான் எங்கள் அறிக்கைகள் பல இடறுகின்றன. மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தபோது, ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

கட்டக்கோரையே, அன்று பிடுங்கிய உன்னைக் காயவைத்துத் தாளில் ஒட்டியிருந்தேன். துறை அலமாரியில் இன்றும் இருக்கிறாய், கறுத்துப்போய். பற்றுறுப்பில் நகக்கண் அளவு பவளத் துணுக்கும் அப்படியே ஒட்டியிருக்கிறது. அட்டையில் நாள், இடம், ஆழம் எல்லாம் எழுதியிருக்கிறேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். அந்த அக்காவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.