சுஷியும் சில சொற்களும்

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் ஜப்பானிய உணவகங்கள் பெருகியுள்ள இந்நாளில், சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகள் வீட்டாரை அங்கு விருந்துக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகி வருகிறது. "சுஷியா? அது பச்சை மீன் அல்லவா?" என்று பெரியோர் பின்வாங்குகின்றனர், பிள்ளைகளின் முகம் வாடுகிறது. இத்தயக்கத்தில் பாதி, சொற்களின் பொருள் அறியாமையால் விளைவதே.

சுஷி என்னும் சொல் மீனைக் குறிப்பதன்று. புளிப்பு என்பதே அதன் பழம்பொருள். முற்காலத்தில் ஜப்பானியர் மீனை உப்பிட்டுச் சோற்றினிடையே பல மாதங்கள் புளிக்க வைத்தனர். பிவா ஏரிப் பகுதியில் அம்முறை இன்றும் வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து உடனே உண்ணும் வழக்கம் பரவியது. அதுவே நிகிரி, 'பிடித்தது' என்பது பொருள். மாக்கி என்றால் 'சுருட்டியது'. நோரி என்னும் கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி நறுக்குவர். சிராஷி என்பது சோற்றின்மேல் பண்டங்களைப் பரப்பித் தருவது. சஷிமியோ சோறின்றி வரும் பச்சை மீன் துண்டுகள். ஆதலின் அது சுஷியே அன்று.

எங்கள் இல்லத்தில் இவ்வறிவு பொழுதுபோக்குக்காக வேண்டப்பட்டதன்று. அன்னையார் புலால் உண்ணாதவர். இளைய மகளுக்கோ இறாலும் நண்டும் ஆகா. உதடு வீங்கி மூச்சுத் திணறும். ஆகவே, தமக்கையின் மகன் முதற் சம்பளத்தில் எங்களை அழைத்தபோது, உணவுப் பட்டியலை முன்னதாகவே வரவழைத்து, ரயில்வேயில் சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் சொல் சொல்லாகப் பார்த்தோம். மகுரோ சூரை மீன், உனகி விலாங்கு, தமாகோ முட்டை, எபி இறால். சாக்கே என்பது மதுவின் பெயராகவும் சால்மன் மீனின் பெயராகவும் வரும். 'கனி' என்று கண்டு பழமென மகிழ்ந்தார் அன்னையார். ஜப்பானியத்தில் அது நண்டு!

மரக்கறி உண்போர்க்கு ஏற்றது கப்பா மாக்கி. கப்பா என்பது வெள்ளரிக்காயில் ஆசை கொண்டதாக ஜப்பானியர் கதை சொல்லும் நீர்ப்பூதம். அப்பெயரால் வருவது வெள்ளரிச் சுருளே. பொரித்த சோயாக் கட்டிப் பையில் சோற்றை அடைத்த இனாரியும் காண்பதற்கு மரக்கறியே. ஆனால் அப்பையை வேகவைக்கும் தாஷி என்னும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். நம் மாசிக் கருவாட்டைப் போன்ற உலர்ந்த சூரையைச் சீவி அச்சாற்றை இறக்குவர். மீசோ சூப்பிலும் அதுவே சேரும். கொம்பு என்னும் கடற்பாசியாலும் தாஷி செய்வதுண்டு. எதனால் செய்தது என்று கேட்டறிதல் நன்று.

அன்னையார் வெள்ளரிச் சுருளை உண்டு, "புளியோதரைக்கு ஒன்றுவிட்ட உறவு" என்றார். மகளின் பொருட்டுப் பரிசாரகரிடம் இன்னொன்றும் கேட்டோம்: இறால் நறுக்கிய கத்தியும் பலகையுமே எல்லாவற்றுக்குமா? அவர் உள்ளே சென்று விசாரித்து, வேறு பலகையில் செய்து தருவித்தார்.

அன்பர்கள் கருத வேண்டியது இதுவே. 'ஒமகாசே' என்றால் தேர்வைச் சமையற்காரரிடமே ஒப்படைத்தல். எதையும் உண்போர் அவ்வாறு சொல்லலாம். விலக்கு உடையோர் இச்சொற்களை அறிந்து, கூசாமல் கேட்டு உண்க.