முகம் பார்த்தல்

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று, கோவிட் நோயால் இறந்தோரின் உடலைக் கையாளும் முறை குறித்து வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. உறவினர் கடைசியாக ஒருமுறை காண்பதற்காக, உடற்பையின் முகப்பகுதியை ஊழியர் உரிய பாதுகாப்புடன் திறந்து காட்டலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் புனித நீர் தெளிப்பதற்கும் அதில் அனுமதி உண்டு. குளிப்பாட்டுவதும் தழுவுவதும் முத்தமிடுவதும் கூடாது.

அந்த வரியை நான் முதன்முதலாகப் படித்தது 2022இல், ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் தரவு திரட்டியபோது. பெரியப்பா தில்லியில் இறந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.

2021 ஏப்ரலின் கடைசி வாரம். ஆக்ஸிஜன் படுக்கை கிடைத்ததையே பேறாக எண்ணிய நாள்கள் அவை. நான்காம் நாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமில்லை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். சொன்ன மருத்துவரின் குரலில் உறக்கமின்மை தெரிந்தது. அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாக்கியம் உண்மையன்று. மூச்சுத்திணறலின் வேதனையைக் குறைந்த அளவு மார்ஃபின் தணிக்கும் என்பது நோய்த்தணிப்பு மருத்துவத்தின் பாலபாடம். மார்ஃபினுக்கு மூலமான அபினை அரசின் உரிமத்தோடு பயிரிடும் நாடு இது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அம்மருந்தை மருத்துவமனைகளிலிருந்து ஏறத்தாழ விரட்டியது; 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் பழைய அச்சம் நீங்கவில்லை. பெரியப்பாவுக்கு அது தரப்பட்டதா? கேட்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. பொதுச் சுகாதாரக் கொள்கையில் ஆய்வு செய்பவன் நான்.

அந்தக் கூடத்தில் கேரளத்தைச் சேர்ந்த செவிலி ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் அலுவலகத்தில் இந்தி பேசிய பெரியப்பா, நினைவு தடுமாறிய அந்த நாள்களில் தமிழுக்கே திரும்பிவிட்டாராம். சுற்றியிருந்தோருக்கு அது வெறும் பிதற்றல். தண்ணீர் கேட்கிறார் என்பது அந்தச் செவிலிக்குப் புரிந்தது. ஈரப்பஞ்சால் உதடுகளை நனைத்தபடி, தம் சொந்தக் கைபேசியில் எங்களை அழைத்தார். நான்கு நிமிடம். பாதுகாப்பு உடையின் கையுறை ஒன்று பெரியப்பாவின் தோளில் இருப்பதைப் பார்த்தோம். "சாப்பிட்டீங்களா?" என்றார் பெரியம்மா. வேறென்ன கேட்பார்! பெரியப்பா தலையசைத்தார், அசைத்ததாகவே நாங்கள் கொண்டோம்.

1993இல் கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புப் பணி தொடங்கியதையும், 2008இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கை வகுத்ததையும் பின்னாளில் விரிவாகப் படித்தேன். அந்தச் செவிலி அதில் பயிற்சி பெற்றவரா என்று அறியேன். பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மருத்துவம் நூல்களில் எதைச் சொல்கிறதோ அதை, நாற்பது நோயாளிகளுக்கு நடுவே நின்று அவர் செய்தார்.

மறுநாள் சுடுகாட்டில் பை திறக்கப்படவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் பெரியப்பாவின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. "அது அவர்தானா?" என்று பெரியம்மா அன்று கேட்டார், திதிதோறும் கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் ஆம் என்றேன்.

சென்ற மாதம் அந்த வழிகாட்டுதலை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மறைத்து வைப்பது முறையன்று என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அன்னைக்கு நீ கேட்டிருந்தா காட்டியிருப்பாங்களா?"

காட்டியிருக்கலாம் என்றேன்.