காரையாற்றங்கரையில் ஒரு குடில்

மூன்று கம்பு ஊன்றியாகிவிட்டது. நாலாவதற்குத்தான் இடம் அமையவில்லை. தோண்டுகிற இடத்திலெல்லாம் மருத மரத்து வேர் கடப்பாரையில் தட்டுகிறது. "வேரைக் கொத்திராதடே, தள்ளிப் போடு" என்று பாயில் உட்கார்ந்தபடியே ஆச்சி சத்தம் கொடுக்கிறாள். மூத்த மகன் நிமிர்ந்து பார்க்கிறார். நெற்றியில் இருப்பது சாரலா வேர்வையா, தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளிக் குழி போடுகிறார். மேலே நீலத் தார்ப்பாய் ஏறுகிறது. காற்று அடிக்கிற பக்கத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னங்கிடுகு. உள்ளே ஓலைப்பாய் இரண்டு, மூலையில் அரிசி மூட்டை, கம்பின் உச்சியில் ஒரு டார்ச். வீடு தயார்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் பிற்பகல். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோவிலை ஒட்டித் தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே பிரிந்தும் கூடியும் ஓடுகிற இடம். சுற்றிலும் களக்காடு முண்டந்துறைக் காடு. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். மற்ற நாட்களில் பொழுது சாய்வதற்குள் வெளியாட்கள் இறங்கிவிட வேண்டிய காடு இது. ஆடி அமாவாசையை ஒட்டிய சில நாட்கள் மட்டும் கரை நெடுகக் குடில்கள் முளைக்கின்றன. நெல்லைச் சீமைக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடுவார்கள். காட்டில் தங்கி, ஆக்கித் தின்று, ஆற்றில் கிடப்பதற்கு அவர்களுக்கு ஆடிச் சாரல்தான் காலம்.

நான் உட்கார்ந்திருக்கும் பாறைக்கும் அந்தக் குடிலுக்கும் நடுவே ஒரு நாவல் மரம் நிற்கிறது. அவர்கள் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கிறது. பக்கத்துக் குடிலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "நீங்க எந்தூருக்கா?" என்று கேட்கிறாள். "கொற்கை. ஏரலுக்கு அங்கிட்டு" என்கிறாள் மூத்த மருமகள். "அம்மாடி, அம்புட்டுத் தூரமா!"

தூரம்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேரும் இந்த ஆறு ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் முடிகிறது. கொற்கை அந்த முடிவுக்குப் பக்கத்து ஊர். பாண்டியர்களின் துறைமுகமாக இருந்து, முத்துக் குளிப்புக்குப் பேர் வாங்கிய ஊர். கடல் கிழக்கே விலகிப் போய்விட்டது. இப்போது வயலும் குளமும் வாழைத் தோட்டமுமாக இருக்கிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளிலும் பங்கு போட்டுக் கொடுத்தது போக, மிஞ்சின தண்ணீர்தான் அந்தப் பக்கத்துக்கு. அதனால் கடைமடைக்காரர்களின் கண்ணுக்குத் தண்ணீர் வேறு மாதிரித் தெரியும்போலிருக்கிறது. ஆச்சியின் மூத்த மகன் குடில் வேலை முடிந்ததும் நேரே ஆற்றுக்குத்தான் வந்தார். கைகால் கழுவவில்லை. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு நின்று ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எய்யா, இது நம்ம ஊருக்கு எப்ப வரும்?" அவரை ஒட்டி நிற்கிற பேத்திக்கு எட்டு வயது இருக்கும்.

"அடைக்காம விட்டா சீக்கிரம் வந்துரும். அடைச்சுப் போட்டா கார் நடவுக்குக்கூட வராது" என்கிறார் தாத்தா. சற்றுப் பொறுத்து, "அந்த டிசம்பர்ல வந்துச்சுல்லா, அப்பம் யாரையும் கேக்காம வந்துச்சு" என்கிறார்.

2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் சொல்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெளி உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தன. அந்தக் குழந்தையும் அதைப் பார்த்திருக்கிறாள். ஆற்றையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதே ஆறா?" என்று கேட்கிறாள். அவர் தலையை ஆட்டுகிறார். கணுக்கால் அளவே ஓடும் தண்ணீரில் அவள் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்க்கிறாள். கூச்சலிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாள். மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர், அவ்வளவு குளிர்ச்சி.

பொழுது சாயச் சாய அடுப்பு வேலை தொடங்குகிறது. மூன்று கல் அடுப்பு. காட்டில் ஒரு சுள்ளியும் பொறுக்கக் கூடாது என்பதால் உடைமர விறகை ஊரிலிருந்தே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாரலில் நமத்துப்போன விறகு புகைகிறது. சின்ன மருமகள் ஊதுகுழலை வைத்து ஊதி, கண்ணைத் துடைத்து, மறுபடி ஊதுகிறாள். அமாவாசையன்று படையல் முடியும்வரை நாக்கைக் கட்ட வேண்டும் என்பதால் முந்தின நாள் இரவுக்குக் கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிக்காரிகளுக்கு இது ஒரு பானைச் சமையல். துவரம்பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் அரிசியைக் களைந்து போடுகிறாள். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், மாங்காய்த் துண்டு எல்லாம் வரிசையாக விழுகின்றன. புளித்தண்ணீர் ஊற்றி, தேங்காயும் சீரகமும் வத்தலும் சின்ன வெங்காயமும் சேர்த்து வீட்டிலேயே அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்ததை வழித்துப் போடுகிறாள். கடைசியாக ஒரு கை முருங்கைக்கீரை. அகப்பையைப் பானையின் அடிவரை விட்டு, வலப்பக்கமாகவே கிண்டுகிறாள். இடையில் அத்தையைப் பார்க்கிறாள். ஆச்சி எழுந்து வந்து, நான்கு பருக்கையை விரலால் நசுக்கி, "எறக்கிரு" என்கிறாள். நல்லெண்ணெயில் கடுகும் உளுந்தும் வெடிக்கிற வாசனைக்கு மரத்து மேலிருந்த குரங்குகள்கூட நாலு கொப்பு கீழே இறங்கி வந்தன.

தட்டு கிடையாது, வாழை இலைதான். பாபநாசம் சோதனைச்சாவடியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிட்டார்களாம். "என் வெத்தலைப் பையைக்கூட ஒதறிப் பாத்தானுவ" என்று ஆச்சி சொல்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. தன்னையும் ஒரு ஆளாக மதித்துச் சோதித்தார்கள் என்கிற தோரணையில்தான் சொல்கிறாள்.

சாப்பிட்ட பிறகு பேச்சு பழைய காலத்துக்குப் போகிறது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாட்டு வண்டி கட்டித்தான் அடிவாரம் வருவார்களாம். பத்துப் பதினைந்து நாள் இங்கேயேதான் குடித்தனம். குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, கிடா வெட்டு எல்லாம் முடித்துத்தான் இறக்கம். "ராஜாவைப் பாக்காம யாரும் எறங்கமாட்டாவ" என்கிறாள். சிங்கம்பட்டி ஜமீன் டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதியைத்தான் அப்படிச் சொல்கிறாள். ராஜ உடையில் அவர் காட்சி கொடுப்பது இந்தத் திருவிழாவின் ஒரு அங்கமாகவே இருந்தது. 2020 மே மாதம் அவர் காலமானார். அந்த ஆண்டு கொரோனாவால் திருவிழாவும் நின்றது. "கோயிலும் இல்ல, ராஜாவும் இல்ல, அந்த வருசம் ஆடியே வரல" என்று ஆச்சி சொன்னபோது யாரும் பேசவில்லை.

குடிலின் கூரைக்கம்பில் ஒரு ஜோடி புதுத் தோல் செருப்பு தொங்குகிறது. கால் படாத செருப்பு. பேரன் அதைத் தொடப் போனபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அது பட்டவராயனுக்கு நேர்ந்தது. அய்யனாரின் வளாகத்தில் மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பிரம்மராட்சசி, பேச்சியம்மன் என்று பலர் இருந்தாலும், செருப்பைக் காணிக்கையாக ஏற்பவர் இவர் ஒருவர்தான். பட்டவராயனாகக் கும்பிடப்படுபவன் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகச் சாதியை உதறிச் செருப்புத் தைத்தவன். மாட்டுக் கிடை காத்து, களவாட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட அந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். அதைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எந்தச் சாதிக் குடும்பமாக இருந்தாலும் அந்தச் செருப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னதிக்குப் போகிறார்கள். நான் பார்த்த கோவில் காட்சிகளில் இதைவிடப் பெரியது ஒன்றில்லை. பட்டன் வாழ்ந்த காலத்தில் இந்தத் தாமிரபரணிக் கரை அவனை வாழவிடவில்லை. இறந்த பிறகாவது அவன் முன்னே தலை குனிகிறது.

இரவு முழுக்கத் தூறல். கோவில் பக்கமிருந்து ஒலிபெருக்கி, அதற்கும் அடியில் ஆற்றின் இரைச்சல். பேத்திக்குத் தூக்கம் வரவில்லை. "ஆச்சி, யானை வருமா?" என்று கேட்கிறாள். "வந்தா அய்யனாரு மேல உக்காந்து வருவாரு, நீ ஒறங்கு" என்கிறாள் ஆச்சி. பெரியவர்கள் மூவர் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். அடுப்பின் கங்கு அணையாதபடி அவ்வப்போது ஒரு விறகைத் தள்ளிவிடுகிறார்கள். எதிர்க்கரையில் ஒரு மிளா இரண்டு முறை குரல் கொடுத்தது. விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. பிறகு குடிலுக்குள் குனிந்து தலைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

விடியும்போது ஆறு மனிதர்களால் நிறைந்துவிட்டது. மூத்த மகன் ஈர வேட்டியோடு பாறையில் உட்கார்ந்து தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். உதடு அசைகிறது, கண் மூடியிருக்கிறது. அவருக்கு இரண்டு பாறை தள்ளி ஒரு இளைஞன் தலை நிறைய ஷாம்பூ தேய்த்துக்கொண்டிருக்கிறான். நுரை ஓட்டத்தில் இறங்கிவந்து, எள் மிதக்கிற இடத்தில் சுழல்கிறது. கிழிந்த ஷாம்பூப் பாக்கெட் ஒன்று கல்லிடுக்கில் மினுங்குகிறது. சோதனைச்சாவடியையும் தாண்டி எப்படியோ வந்துவிட்டது.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை, ஆனாலும் இருந்தேன். ஏனென்றால் அதற்குள் ஒரு கல்லூரிப் பெண் கையில் சாக்குப் பையோடு தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பாக்கெட்டைப் பொறுக்கிவிட்டாள். அந்த இளைஞனிடம் கோபமில்லாமல் ஏதோ சொன்னாள். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் பல ஆண்டுகளாக இந்தத் திருவிழாவைக் கவனித்து, வருகிறவர்களிடம் பேசி வருகிறது. வனத்துறையும் தங்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறது. நாட்களைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. கூட்டம் இரைகிற நாட்களில் மிளாவும் யானையும் இந்தக் கரையில் தண்ணீருக்கு இறங்க முடியாது. சோப்பு நுரையில் மீன் வாழாது. ஆனால் தங்குவதையே நிறுத்திவிடலாம் என்று சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. கடைமடையில் பிறந்த அந்தக் குழந்தை ஆற்றின் தலைமாட்டில் ஓர் இரவு படுத்துக் கிடந்தால்தான், இதே ஆறா என்ற கேள்வி அவளுக்குள் தங்கும். நாலு பேருந்தில் ஏறி வந்து, கும்பிட்டு, நாலு மணிக்குள் இறங்கிப் போகிறவளுக்குள் தங்காது. காட்டைக் காக்க நாளைக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இந்தக் குடில்களிலிருந்தும் வரலாம் என்று நம்புகிறேன்.

மத்தியானத்துக்கு மேல் படையல். அய்யனாருக்குச் சைவம், காவல் தெய்வங்களுக்குக் கிடா. சங்கிலி பூதத்தார் சன்னதியில் இரும்புச் சங்கிலியைத் தூக்கி மார்பிலும் முதுகிலும் அடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். பிறகு பூக்குழி. இதையெல்லாம் எழுதியவர்கள் நிறையப் பேர். நான் பார்த்துக்கொண்டிருந்தது மூத்த மருமகளை. பூக்குழியில் அவள் கணவர் இறங்கினார். அவர் மறு முனைக்குப் போய்ச் சேரும்வரை அவள் தன் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்ததும் முந்தானையை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மகனைப் பார்த்து, "ஒங்கப்பாவுக்குத் தண்ணி கொண்டு போலே" என்றாள்.

மறுநாள் காலையில் குடில் பிரிகிறது. தார்ப்பாயை உதறி மடிக்கிறார்கள். கம்பு பிடுங்கிய குழிகளில் மண்ணைத் தள்ளி, மூத்த மகன் குதிகாலால் மிதித்து மட்டம் பண்ணுகிறார். அடுப்புக் கல் மூன்றையும் எடுத்த இடத்தில் போடச் சொல்கிறாள் ஆச்சி. சாம்பலை ஆற்றில் கொட்டப்போன பேரனைத் திரும்பக் கூப்பிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்து, சாக்கில் அள்ளச் செய்கிறாள். ஊரில் கத்தரிச் செடிக்கு ஆகுமாம். பேத்தி தாத்தாவின் பின்னாலேயே நடந்து, கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடையில் சேர்க்கிறாள்.

பேரனுக்கு ஒரு யோசனை. "கம்பை இங்கனயே ஒரு மரத்துல சாத்தி வச்சிட்டுப் போவமா தாத்தா? அடுத்த வருசம் வந்தா ஆகும்லா?"

"காடு என்ன நம்ம தொழுவாலே? அந்தத் தலைப்பைப் பிடி, தூக்கு" என்கிறார் அவர்.