கோடிக்கரைக் காற்று

நாகைக் காரோணத்தினின்று திருக்கோடிக்குழகர் திருக்கோயிலுக்குக் கடற்கரைப் பக்கமாகச் செல்லும் வழி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பேருந்தில் அமர்ந்து செல்வார்க்கு அவ்வழியிற் காற்றென ஒன்று உண்டென்பதே புலப்படாது. சென்ற தைத்திங்களில் ஒருநாள் வைகறையில், எம்பால் முன்னர்த் தமிழ் பயின்ற அன்பர் ஒருவரோடு, காயாரோகணப் பெருமானைக் கோபுர வாயிலில் நின்று வணங்கி, மிதிவண்டியிற் புறப்பட்டேம். அறுபதைக் கடந்தார்க்கு இஃது ஏற்ற செலவோ என வினவுவார் உளர். நடத்தலினும் மிதித்தல் எம் முழங்கால்களுக்கு எளிதாயிருக்கின்றது. வேறு விடை எம்மிடம் இல்லை.

வேளாங்கண்ணியும் திருப்பூண்டியும் விரைவிற் பின்னிட்டன. வண்டி தானே உருண்டாற்போல ஓடிற்று. "ஐயா, இன்று காற்றே இல்லை, நம் கால்களுக்கும் வலிமை கூடிவிட்டது" என்றார் அன்பர். நீர் பருகுதற்கு ஒரு மரத்தடியில் நின்றபொழுது, அவர் தோளிற்கிடந்த துண்டு தென்றிசை நோக்கிப் படபடத்தது. புறப்பட்டது முதல் வாடைக்காற்று எம் முதுகிற் கைவைத்துத் தள்ளிவந்திருக்கின்றது! அதனோடு ஒத்த விரைவிற் சென்றமையால் அஃது உண்மை மெய்க்குப் புலனாகவில்லை; புலனாகியது எம் கால்களின் உழைப்பு ஒன்றே. உமாபதிசிவனார் திருவருட்பயனிற் பாற்கடலுள் வாழும் மீனை உவமை காட்டுவர். பாடஞ்சொல்வார் அம்மீனின் பேதைமையையே விரித்துரைத்தல் வழக்கம். எமக்கோ அன்று அம்மீனைத் தாங்கிநிற்கும் பாலே உள்ளத்தில் நின்றது.

உச்சிக்காலத்துக்கு முன்னரே திருமறைக்காட்டை அடைந்து, அப்பர் திறக்கவும் பிள்ளையார் அடைக்கவும் பாடிய திருவாயிலை வணங்கினேம். வெயில் தணிந்தபின் அகத்தியான்பள்ளி உப்பளங்களைக் கடந்தேம். 1930-ஆம் ஆண்டில் இராசாசி தலைமையில் உப்பெடுத்த நிலம் அது. அப்பால் காடும் சதுப்புமே. 2018-ஆம் ஆண்டுக் கசா புயல் அக்காட்டிற் பல மரங்களை வீழ்த்திற்று. வெளிமான்கள் சில எம்மை நிமிர்ந்து நோக்கி, மீண்டும் மேயத் தொடங்கின.

சேரமான் பெருமாளோடு இத்தலத்துக்கு எழுந்தருளிய நம்பியாரூரர், கடற்காற்று வந்து மோதும் கரையிற் பெருமான் தனித்திருத்தல் கண்டு உளம் இரங்கி, அயலிற் குடிகள் இருந்தாலாகாதோ என்று வினவினார். எங்கும் நிறைந்த பொருளுக்குத் தனிமை ஏது, காற்று அதனை வருத்துமோ என்று சித்தாந்தம் பயிலும் இளைஞர் கேட்பதுண்டு. அன்பரும் அதனையே கேட்டார். வினா பிழையன்று. ஆயின் தம்பிரான் தோழர் அவ்வுண்மையை அறியாமற் பாடினாரல்லர். தோழன் பெருமையை மறந்து அவன்பொருட்டுக் கவலுதலே தோழமை; சகமார்க்கத்தின் இயல்பு அது. காலமெல்லாம் நம்மை முதுகிற் கைவைத்துத் தாங்கிவரும் ஒருவனை நோக்கி, "உனக்குக் காற்று உறைக்குமே" என்று கவலுதற்கு ஓர் உரிமை வேண்டும். நம்பிகளுக்கு அஃது இருந்தது. யாம் திருமுன்பு நின்று அவர் பதிகத்தை ஓதினேம். அவ்வளவே எமக்கு இயன்றது.

மீளுங்கால் அவ்வாடையே எதிர்நின்று நெஞ்சில் மோதிற்று. ஏறக்குறைய அரைமணியிற் சென்ற வழிக்கு ஒன்றேகால் மணி ஆயிற்று. வளைவு ஒன்றில் இறங்கி வண்டியைத் தள்ளியும் நடந்தேம். அன்பர் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லை. திருமறைக்காட்டை அணுகியபொழுது திருக்கோயில் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன.