புளிக்கை

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைக் கூட்டிப்போய்க் காட்டுவது என் வேலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலைத் தேர்தலுக்குக் கல்லில் வெட்டிவைத்த விதிகள். முப்பது குடும்பு, கால்வேலி நிலம், முப்பத்தைந்து வயது எல்லாம் மளமளவென்று சொல்வேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற இடம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். பதினோரு வருஷமாக நான் காட்டாத கணக்கு ஒன்று எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சாண் உயரப் பித்தளைக் காமாட்சி. அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. பத்மாசனம், நாலு கை. பாசம், அங்குசம், கரும்பு வில், ஐந்து பூக்கணை. "கரும்பு நம்ம மனசு, பூ அஞ்சும் அஞ்சு புலன். அவ கையில குடுத்துட்டா ஆட்டம் போடாம கெடக்கும்" என்பாள் அம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் பழம்புளியை ஊறவைத்துக் கரைத்து, விரலாலேயே தேய்ப்பாள். நார் கூடாது, செங்கல் பொடி கூடவே கூடாது. புளியை ஊறவிடாமல் உடனே கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் ஒற்றி எடுப்பாள். பூக்களின் இடுக்குக்கு மட்டும் நூல் திரி. அரை மணி நேரம் ஆகும்.

அந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வேலை என் தலையில் விழுந்தது. அரை மணி நேரம் உட்கார எனக்கு உடம்பு வணங்கவில்லை. கழிவறைக்கு வாங்கிவைத்த ஆசிட்டைப் பக்கெட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அம்மனை உள்ளே இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். ஆமாம், கழிவறை ஆசிட்தான். திரும்பி வந்தபோது தங்க நிறம் போய் வெந்த நண்டின் நிறத்தில் இருந்தாள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஆசிட் துத்தநாகத்தை அரித்துக்கொண்டு போனதும் மேலே செம்பு மட்டும் நின்றுவிட்டது. இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அம்மா எழுவதற்குள் பையில் சுற்றிக் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பாலிஷ் போடுகிற கடைக்காரர், "மெஷின்ல வச்சா நுணுக்கம் மழுங்கும், பரவால்லயா?" என்று கேட்டார். நிறம் வந்தால் போதும் என்றேன். அவர் மேல் குற்றமே இல்லை. தகதகவென்று வந்தாள், கண் மூக்கு இல்லாமல். பூ ஐந்தும் ஒரே மொட்டாகியிருந்தது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலைக்குக் கடைசியாகச் செய்வது கண் திறப்பு. நான் செய்தது அதற்கு நேர் எதிர் வேலை.

பொங்கலன்று பொட்டு வைக்கப் போன அம்மா நின்றுவிட்டாள். "முகம் எங்கடா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நாப்பது வருஷமா நீ தேய்ச்ச தேய்ப்புக்கு முகம் இருக்குமா? அழுக்கு போனதும் தெரியுது" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு புளி நின்றது. ஈரத்துணியால் தொட்டும் தொடாமலும் துடைப்பதோடு சரி. சாகிறவரை நாலு வருஷம் அப்படித்தான். அம்மன் கறுத்தாள், மடிப்பில் பச்சைக் களிம்பு ஏறியது. செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்று ஆணவத்துக்கு உவமை சொல்லும் சைவ சித்தாந்தம். என் பொய்க்கும் அதைச் சொல்லலாமா என்று நினைப்பேன். கூடாது. அது கூடவே பிறக்கவில்லை, நான் ஊற்றியது.

இப்போது வியாழக்கிழமைகளில் நான்தான் விரலால் தேய்க்கிறேன். போன தை மாதம் அக்கா பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாமிக்கு ஏன் மூஞ்சி இல்ல?" என்றாள்.

"கொள்ளுப்பாட்டி தேய்ச்சுத் தேய்ச்சு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.