ஒரு வாய்க் கசப்பு

"பெண்பிள்ளை, அதிலும் குடும்பப் பத்திரிகையில் எழுதுகிறவள், பீர் குடித்த கதையையா சொல்லப் போகிறாள்?" என்று நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் குடித்தது ஒரே ஒரு வாய். சொல்ல வந்ததும் அதைப் பற்றி மட்டும் அல்ல. எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த என் தாயாரைப் பற்றியும்தான்.

கலிபோர்னியா மாகாணத்தின் தலைநகரான ஸாக்ரமென்டோவில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை அமெரிக்காவில் 'தாங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றித் திருநாள். நம் தீபாவளி மாதிரிதான். எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அக்கா வீட்டிலும் அத்தானின் தம்பி, தங்கை குடும்பங்கள் கூடியிருந்தன. மேஜையின் ஒரு கோடியில் முழுசாக வாட்டிய வான்கோழி. மறு கோடியில் அக்கா போட்ட தயிர்வடை. ஊரிலிருந்து அம்மாவும் நானும் போயிருந்தோம்.

சாப்பாட்டுக்கு முன்னால் அத்தான் பச்சை லேபிள் ஒட்டிய புட்டி ஒன்றைத் திறந்தார். "இது இந்தப் பக்கத்து ஊரில் செய்வது. ருசி மட்டும் பாரேன். வேண்டாமென்றால் வேண்டாம்" என்றார்.

பக்கத்து ஊர் என்றால் வடக்கே சுமார் 145 கிலோமீட்டரில் உள்ள சிகோ. கென் கிராஸ்மன், பால் கமூசி என்ற இரண்டு இளைஞர்கள் 1979-ல் அங்கே சின்ன ஆலை ஒன்று ஆரம்பித்தார்கள். பால் பண்ணைகள் கழித்துப் போட்ட தொட்டிகளை வாங்கி, தாங்களே பற்றவைத்து, 1980-ல் காய்ச்சத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'ஸியரா நெவாடா பேல் ஏல்'தான் அந்தப் புட்டியில் இருந்தது. ஆலை இன்று பெரிதாகிவிட்டது.

'பேல்' என்றால் வெளிறிய நிறம். பார்லியை முளைகட்டி, கருகாமல் இளஞ்சூட்டில் உலர்த்துவதால் வரும் நிறம் அது. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுகிறோமே, முதல் பாதி அதே கைப்பக்குவந்தான். முளை தானியத்தை இனிப்பாக்குகிறது. அந்த இனிப்புச் சாற்றில் 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பச்சைக் கூம்புகளைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பைத் தருவதும், சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுதான். பெண் கொடியின் கூம்புகளுக்குத்தான் மதிப்பு! ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். முற்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்ததாம்.

ஒரு வாய் பருகினேன். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் குப்பென்று வருமே, அந்த வாசனை. 1972-ல் வெளிவந்த 'காஸ்கேட்' என்ற ஹாப்ஸ் ரகத்தின் வேலை அது. பிறகு ஒரு நொடி இனிப்பு. பிறகு கசப்பு. விழுங்கிய பின்னும் நாக்கின் அடியில் தங்கிவிடுகிற, வேப்பம்பூ ரசம் மாதிரியான கசப்பு. முகம் சுளிக்கவில்லை, வேப்பம்பூவுக்கும் சுண்டைக்காய் வற்றலுக்கும் பழகின நாக்கு அல்லவா!

ஆனால் லேபிளையும் படித்தேன். 355 மில்லி, சாராயச் சத்து 5.6 சதவிகிதம். கணக்குப் போட்டால் புட்டிக்கு ஏறக்குறைய 20 மில்லி சுத்தச் சாராயம். பழ வாசனை அதை மறைக்கிறதே தவிர, குறைப்பதில்லை.

அப்போதுதான் அம்மா கேட்டாள்: "மாப்பிள்ளை, இதைக் குடிச்சுட்டு இந்த ஊரிலே யாரும் பெண்டாட்டியை அடிக்கிறதில்லையா?"

மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. அத்தான் சிரித்து மழுப்பியிருக்கலாம். "சீமைச் சரக்கு வேறே, அத்தை" என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடிக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அத்தை" என்றார்.

அந்தப் பதில் என்ன செய்ததோ, அம்மா பேச ஆரம்பித்தாள். 1948 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு இருந்தது அல்லவா? 1971-ல் அதைத் தளர்த்தியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தெருக்கோடியில் கடை வந்தது. அதுவரை வெற்றிலைகூடப் போடாத தாத்தா அங்கே போக ஆரம்பித்தார். முதலில் வெண்கலப் பானை போயிற்று. பிறகு பாட்டியின் கம்மல் போயிற்று. இரவில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிடுவாளாம். "பாட்டி மட்டும் உள்ளேயே இருப்பாள்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

பாட்டி காதில் ஒன்றும் போடாமலே இருந்ததை நாங்கள் அறிவோம். "அவளுக்கு நகை ஆசை கிடையாது" என்றுதான் இத்தனை வருஷமும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா எழுந்து போய் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பதினாறு வயதுப் பேரன் மட்டும், "அப்புறம் என்ன ஆச்சு, பாட்டி?" என்று கேட்டான். அம்மா சொன்னாள். வான்கோழி ஆறிப் போயிற்று.

ருசி எப்படி என்று நீங்கள் கேட்டால், நன்றாகத்தான் இருந்தது என்பேன். இன்னொரு வாய் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இரண்டுமே உண்மை. ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், பாட்டியின் பழைய புகைப்படத்தை எடுத்து அந்த வெறுங் காதுகளைப் பார்த்ததுதான்.